ரெண்டு கயிறு தெரியணும்

போன வாரம் எங்க பக்கத்து வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. "அக்கா, இதைப் பாருங்க. கண்ணை இப்படி உருட்டுனா கொஞ்ச நாள்ல கண்ணாடியத் தூக்கி எறிஞ்சிடலாமாம்!" போன்ல ஒருத்தன் பளபளன்னு சட்டை போட்டுக்கிட்டு முழியை மேலயும் கீழயும் உருட்டிக்கிட்டிருக்கான். எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! "தம்பி, இவன் பேச்சைக் கேட்டுக் கண்ணாடியை எறிஞ்சிட்டு பஸ்ஸுக்கு முன்னால போய் நின்னுடாதீங்க"ன்னு சொல்லி அனுப்புனேன்.

இதை ரிஸ்வானாகிட்ட சொன்னப்போ அவ விழுந்து விழுந்து சிரிச்சா. ரிஸ்வானா பதுளை டவுன் கடைக்காரர் வீட்டுப் பொண்ணு. நான் ரிட்டயர் ஆன பிறகு கிளினிக்ல என் நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவ. "மிஸ், வாயால திட்டிக்கிட்டே இருக்கீங்களே, எழுதி வெச்சா என்ன? எங்களுக்கு இப்ப கம்ப்யூட்டர்லயே கண் பயிற்சி வந்திருச்சு. ஆனா அந்த மடுல்சீமைக் கயித்துக் கதையை மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நடந்தது நடந்த மாதிரி நீங்களே சொல்லுங்க"ன்னா. சரி, சொல்லிடுறேன்.

நான் வேலை பார்த்தது பதுளையில ஒரு கண் கிளினிக்ல. என் பதவிக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு இருக்கு, சனங்க வாயில நுழையாது. அவங்களுக்கு நான் மிஸ்ஸி. ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கிறது, செய்யலைன்னா பழக்கிவிடுறது, இதுதான் என் வேலை.

பொறந்தது அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீட்டுல. படிச்சு, எப்படியோ பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனேன். அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லப் பெருசா ஒண்ணும் இல்ல. சிங்களத்துல பாடம், இங்கிலீஷ்ல பரீட்சை, தமிழ்ல அழுகை. பாஸ் பண்ணிட்டு ரயிலேறித் திரும்பி வந்துட்டேன்.

தொழிலை உண்மையிலேயே கத்துக்கிட்டது எங்க பெரிய டொக்டர்கிட்ட. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியா, உயரமா, சட்டைக் கையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுக்கிட்டு இருப்பாரு. சத்தம் போட்டுத் திட்டவே மாட்டாரு. பேனாவை மூடி மேசையில வெச்சாருன்னா போதும், இன்னிக்கு நமக்கு இருக்குன்னு தெரிஞ்சிடும். நான் சேர்ந்த புதுசுல ஒரு கிழவியைப் பார்த்துட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, போங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். டொக்டர் பேனாவை மூடி வெச்சாரு.

"பிள்ளை, இஞ்சை வாரும். நோவோட வந்த ஆளிட்டை 'உமக்கு ஒண்டுமில்லை' எண்டு சொல்லக் கூடாது. 'எனக்கு இன்னும் கண்டுபிடிக்கத் தெரியேல்லை' எண்டு சொல்லும். அதுதான் உண்மை."

போய் அந்தக் கிழவியை பஸ் ஸ்டாண்ட்ல பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்துச்சு. நோயாளிக்குச் சொல்ற பயிற்சியை நாங்க முதல்ல செஞ்சாகணும். காலையில கதவைத் திறக்கிறதுக்கு முன்னால எல்லாரும் வரிசையா ஜன்னல்கிட்ட நிக்கணும். கட்டைவிரலை மூக்குக்கு முன்னால ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு நகத்தைப் பார்க்கணும், மூச்சை விட்டுட்டு எதிர் மலையைப் பார்க்கணும், திரும்பவும் நகம், திரும்பவும் மலை. பிறகு உள்ளங்கை ரெண்டையும் சூடு வர உரசிக் குழிச்சுக் கண்ணைப் பொத்திக்கணும். முழி மேல கை பட்டு அமுக்கக் கூடாது. கடைசியா மெதுவா, நல்லா மூடி மூடித் திறந்து இமைக்கணும். "இமைக்க மறந்த கண்தான் எரியிற கண்"ம்பாரு. கூட்டுற மேரியக்கா கூட விளக்குமாத்தை ஓரமா சாத்திட்டு வந்து நிப்பா. மொதல்ல, தோட்டத்துல காலையில பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துல நிக்கிற மாதிரி எனக்கு வெட்கமா இருந்துச்சு. ஒரு மாசத்துல பார்த்தா, சாயங்காலம் வர்ற தலைவலி எங்க போச்சுன்னே தெரியல.

அந்தத் தெம்புல அப்புத்தளைத் தோட்டம் ஒண்ணுக்கு வேன்ல கிளினிக் போனப்போ, தேயிலையில காம்பு பொறுக்குற பொம்பளைங்களுக்குப் பெரிய டீச்சர் மாதிரி பாடம் எடுத்தேன். "வேலைக்கு நடுவுல அப்பப்போ தலையை நிமிர்த்தித் தூரமாப் பாருங்க, கண்ணு இளைப்பாறும்." ஒருத்தி எழுந்து வெளியே கையை நீட்டினா. "தூரம் எங்கங்க இருக்கு?" பார்த்தா வெளியே ஒரே பனி. பத்தடிக்கு அந்தப்பக்கம் மலையும் இல்ல, மரமும் இல்ல. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. நானும் பனியில வளர்ந்தவதான், கொழும்புல படிச்சதுல மறந்து போச்சு! டொக்டர்கிட்ட வந்து சொன்னேன். "தூரம் தெரியேல்லையெண்டாப் பொத்தச் சொல்லும் பிள்ளை. பொத்தின கண்ணுக்குக் கிட்டவும் இல்லை, தூரமும் இல்லை"ன்னு சொல்லிட்டு அவரும் சிரிச்சாரு.

இப்ப கலாவதி கதைக்கு வர்றேன்.

கலாவதி மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பொண்ணு. பள்ளிக்கூடத்துல உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிட்டுக் கல்யாணம் கட்டினவ. புருசன் கொழும்புல கடையில வேலை. வீட்டுல அவளும் மாமியா மருதாயியும்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கிற பரீட்சைக்கு அவ படிச்சுக்கிட்டிருந்தா. வயசு எல்லை தாண்டப் போகுது, அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதை விட்டா மறுபடியும் கொழுந்துக் கூடைதான். ஆனா புத்தகத்தைத் திறந்தா கால் மணி நேரம் தாங்காது, தலையைப் பிளக்கிற வலி, வாந்தி. ஏற்கனவே ரெண்டு இடத்துல காட்டியிருக்காங்க. பார்வை நூத்துக்கு நூறு, ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க.

மருதாயி கதவுல நுழையும்போதே ஆரம்பிச்சிட்டா. "ஐயா, இவளுக்குப் புத்தகத்தைத் தொட்டா மட்டும்தாங்க தலைவலி. சட்டி கழுவுனா வராது, கொழுந்து எடுத்தா வராது. இது என்ன நோவுன்னு நீங்களே சொல்லுங்க."

டொக்டர் அவளைப் பார்த்து, "அம்மா, உது நல்ல கேள்விதான். கொஞ்சம் இருங்கோ"ன்னுட்டு கலா பக்கம் திரும்பினாரு. "என்ன தெரியுது, சொல்லும் பிள்ளை."

"எழுத்து நடக்குதுங்க ஐயா. ஒரு வரி ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டா நின்னுடுது."

"அப்பிடியோ? பொத்தினா நிக்குதோ?" டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு அவளுக்கு நேரா உட்கார்ந்தாரு. பேனா நுனியை அவ மூக்கை நோக்கி மெதுவா, ரொம்ப மெதுவாக் கொண்டு வந்தாரு. நல்ல கண்ணுன்னா ரெண்டும் உள்பக்கமாத் திரும்பி, பேனா மூக்குக்குக் கிட்ட வர்ற வரைக்கும் விடாது. கலாவுக்கு ஒரு சாண் தூரத்துலயே வலது கண்ணு கழண்டு வெளியே ஓடிருச்சு. டொக்டர் மறுபடி செஞ்சாரு. மறுபடியும் ஓடிச்சு. பிறகு கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளே பார்த்தாரு, கை கால் பலம் பார்த்தாரு, வேற கெட்ட வியாதி எதுவும் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டாரு. இதை இப்ப உள்ள பிள்ளைங்க மறந்திடக் கூடாது. திடீர்னு ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா முதல்ல டொக்டர், பிறகுதான் பயிற்சி.

மருதாயிக்கு நான்தான் விளக்கினேன். "அம்மா, ரெண்டு பேரு சேர்ந்து கொழுந்துச் சாக்கைத் தூக்குறாங்கன்னு வைங்க. ஒருத்தன் பாதியில விட்டா மத்தவனுக்கு இடுப்பு ஒடியும்ல? உங்க மருமக கண்ணு அதான் பண்ணுது. தூரப் பார்க்கையில ரெண்டும் ஒத்துமை. கிட்டப் படிக்கையில ஒண்ணு விட்டுடுது. பொய் சொல்லல அவ."

இதுக்கு மாத்திரை கிடையாது, கண்ணாடி தேவையில்ல. பயிற்சிதான். பேனா நுனியை மூக்குக்கிட்ட கொண்டு வர்றது ஒண்ணு. கயிறு ஒண்ணு. பதுளை பஜார்ல வளையல் கடையில வாங்கின சிவப்பு, மஞ்சள், பச்சைப் பாசிமணியை வெள்ளைக் கயித்துல கோத்திருப்போம். ஒரு நுனியைக் கதவுக் கொக்கியில கட்டணும், மறு நுனியை மூக்கு நுனியில வெச்சு விரலால பிடிச்சுக்கணும். மஞ்சள் மணியைப் பார்த்தா மணி ஒண்ணாத்தான் தெரியணும். ஆனா கயிறு ரெண்டாத் தெரியணும், மணியில வந்து பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கணும். அப்படித் தெரிஞ்சா ரெண்டு கண்ணும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஒரே கயிறு தெரிஞ்சா ஒரு கண்ணு தூங்குது. தூர மணியில ஆரம்பிச்சுக் கிட்ட மணிக்கு வரணும், காலையும் மாலையும். கலா அங்கேயே அச்சொட்டா செஞ்சு காட்டினா. நான் குஷியா அனுப்பி வெச்சேன்.

அடுத்து வரச் சொன்ன தவணைக்கு அவ வரல. அதுக்கு அடுத்ததுக்கும் வரல. போனைப் போட்டா மருதாயி எடுத்து, "அவ வர மாட்டா"ன்னு வெச்சுட்டா. பரீட்சையோ நெருங்கிக்கிட்டே வருது. மடுல்சீமைப் பக்கம் எங்க வேன் போற நாளு வந்ததும், கிளினிக் முடிஞ்ச கையோட அந்த லயத்துக்கு நடந்தேன். மழை பெஞ்ச ரோட்டுல வேன் ஏறாது, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுத்தான் போனேன்.

என்னைக் கண்டதும் மருதாயி வாசல்ல வந்து வழியை மறிச்ச மாதிரி நின்னா. "வாங்க மிஸ்ஸி. நல்லா செஞ்சீங்க! எழுத்து ரெண்டாத் தெரியுதுன்னுதானே உங்ககிட்ட கூட்டிட்டு வந்தோம்? நீங்க ரெண்டாத் தெரியணும்னே சொல்லி அனுப்பியிருக்கீங்களே!"

விசயம் இதுதான். லயத்துல ஒரு காம்பராவுல, அதான் அறையில, இருமினா அடுத்த காம்பராவுல தண்ணி எடுத்துக் குடுப்பாங்க, அவ்வளவு ஒட்டு. கலா கதவுக் கொக்கியில கயித்தைக் கட்டி, மூக்குல வெச்சு, கண்ணை உள்ளே இழுத்துக்கிட்டு நின்னதை முதல்ல பிள்ளைங்க பார்த்திருக்கு. பிறகு பக்கத்து வீட்டுப் பொம்பளை. கலா சந்தோசத்துல அவகிட்ட, "அக்கா, இன்னிக்கு ரெண்டு கயிறு நல்லாத் தெரிஞ்சுச்சு!"ன்னு சொல்லித் தொலைச்சிருக்கா. போதாதா? கட்டுனது ஒரு கயிறு, தெரியிறது ரெண்டு கயிறு, மூணு நிறத்துல மணி வேற. செய்வினைதான்னு முடிவு பண்ணிட்டாங்க. முனியாண்டி கோயில் பூசாரி சின்னசாமி வந்து, கவ்வாத்துக் கத்தியால கயித்தை அறுத்து, கற்பூரத்தோட போட்டு எரிச்சிட்டாரு. பகல்ல அவருக்குத் தேயிலை கவ்வாத்து வெட்டுற வேலை, அதனால கத்தி கையிலேயே இருந்திருக்கு.

உள்ளே கதவுக்குப் பின்னால கலா நின்னு அழுதுக்கிட்டிருந்தா. "மிஸ்ஸி, கால் மணி நேரம் தாங்காம இருந்தவ அரை மணி நேரம் படிச்சேன். அதுக்குள்ள எரிச்சிட்டாங்க"ன்னா. எனக்கு மருதாயியைத் திட்டத்தான் வாய் வந்துச்சு. ஆனா மருதாயி முகத்தைப் பார்த்தா அவளும் பயந்து போய்த்தான் நிக்கிறா. ரெண்டாத் தெரியிற வியாதிக்கு ரெண்டாத் தெரியணும்னு மருந்து குடுத்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவ கேட்டதுல நியாயம் இருந்துச்சு.

"பூசாரி ஐயாவைக் கூப்பிடுங்க"ன்னேன்.

வந்தாரு. கூடவே லயமே வந்துச்சு. தோட்டத்துத் தலைவரும் கையைக் கட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னாரு. நான் பையில இருந்து புதுக் கயிறு ஒண்ணை எடுத்ததும் ரெண்டடி பின்னால போயிட்டாங்க எல்லாரும்.

"பூசாரி ஐயா, நீங்க அறுத்தது தப்புன்னு சொல்ல வரல. அறுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை நீங்க பார்த்திருக்கலாம்ல?"

"எனக்கு எதுக்கு? என் கண்ணு கழுகுக் கண்ணு."

"அப்ப பயம் எதுக்குங்க?"

பின்னால யாரோ சிரிச்சுட்டாங்க. அவ்வளவுதான், மனுசனுக்கு ரோசம் வந்துருச்சு. திருநீறை எடுத்துப் பூசிக்கிட்டு, முனியாண்டியைக் கூப்பிட்டுக் கும்பிட்டுட்டு, கயித்து நுனியை மூக்குல வெச்சாரு. மறு நுனியை நானே கொக்கியில கட்டினேன். "மஞ்சள் மணியை மட்டும் பாருங்க. மணி எத்தனை?"

"ஒண்ணு."

"கயிறு?"

அவரு கயித்தை மூக்குல இருந்து எடுத்தாரு, தடவிப் பார்த்தாரு, திரும்ப வெச்சாரு. கடைசியில மெதுவாச் சொன்னாரு: "ரெண்டு."

"ஐயோ, பூசாரிக்கும் பிடிச்சிருச்சு!"ன்னு மருதாயி தலையில கையை வெச்சா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "யாருக்கும் ஒண்ணும் பிடிக்கலம்மா! நல்ல கண்ணு இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். இடது கண்ணு ஒரு கயிறு பார்க்குது, வலது கண்ணு ஒரு கயிறு பார்க்குது. எதை உத்துப் பார்க்கிறோமோ அது மட்டும் ஒண்ணாச் சேரும். உங்க மருமகளுக்குச் சேர வேண்டிய எழுத்து சேராமப் போச்சு. அதைச் சேர்க்கத்தான் இந்தப் பாடு. வாங்க, நீங்களே பாருங்க."

மருதாயி கயித்தை வாங்கி வெச்சுப் பார்த்தா. "ஆமாடி! ரெண்டு!"ன்னு கத்தினா. அப்புறம் கேட்கணுமா! நான் நீன்னு வரிசை கட்டிட்டாங்க. "எனக்கும் ரெண்டு!" "எனக்கும்!" கோயில் திருவிழா தோத்துப் போச்சு. கடைசியாத் தலைவர் வந்தாரு. பார்த்துட்டு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, "எனக்கு ஒரே கயிறுதான். பார்த்தீங்களா, என்கிட்ட ஒரு குறையும் இல்ல"ன்னாரு.

"தலைவரே, உங்களைத்தான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம். நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க"ன்னேன். கிளினிக்ல பார்த்தா, அவரு இடது கண்ணு சின்னதுல இருந்தே சோம்பேறிக் கண்ணு. அவருக்கே தெரியாது.

பூசாரியும் பெரிய மனுசன்தான். புதுக் கயித்தைக் கேட்டு வாங்கி, முனியாண்டி காலடியில வெச்சு, மஞ்சள் தடவி, கலா கையில குடுத்தாரு. "இனி இதை எவனாவது தொட்டா எனக்குப் பதில் சொல்லணும்"னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால என் கொழும்புச் சர்டிபிகேட் எல்லாம் எந்த மூலைக்கு? அன்னிக்கு இறங்கி வரும்போது எனக்குக் கால் தரையில பாவல.

அதுக்குப் பிறகு கலா ஒரு நேரம் கூட விடல. மருதாயியே விடிய எழுப்பி, "கயித்தைப் பிடிடி"ன்னு நிக்க வெப்பாளாம். லைட் தலைக்குப் பின்னால இருந்து புத்தகத்துல விழணும்னு டொக்டர் சொன்னதுக்காக, கட்டிலையே தூக்கித் திருப்பிப் போட்டிருக்கா. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, கண்ணைப் பொத்தி, பிறகு படிக்கிறதுன்னு ஒரு ஒழுங்கு வந்துருச்சு. அடுத்த தவணைக்கு வந்தப்போ டொக்டர் பேனாவைக் கொண்டு போனாரு, கொண்டு போனாரு, கலா கண்ணு ரெண்டும் விடவே இல்ல. "காணும் பிள்ளை, காணும், இனிப் பேனை மூக்குக்குள்ளை போயிடும்!"னாரு. அவரு ஊர்ல 'போதும்'ங்கிறதுக்குக் 'காணும்'. அவரு வாயில இருந்து அதுக்கு மேல பாராட்டை நான் கேட்டதில்ல.

பரீட்சை முடிஞ்சு வெளியே வந்த உடனே எனக்குத்தான் முதல் போன். "மிஸ்ஸி, கடைசிக் கேள்வி வரைக்கும் வாசிச்சேன். எழுத்து நின்ன இடத்துல நின்னுச்சு." ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல வரிசையில இருந்த நோயாளிங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. டொக்டர் அறையில இருந்து ஓடி வந்தாரு. "என்ன பிள்ளை, ஆரும் விழுந்திட்டினமோ?" "கலா பாஸ் ஐயா! டீச்சர் ஆயிட்டா!" மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, போட்டாரு, மறுபடி கழட்டினாரு. "வடை வாங்கிக் குடும், எல்லாருக்கும்"னாரு.

அடுத்த வாரம் மாமியாளும் மருமகளும் பழத்தோட வந்தாங்க. மருதாயி என்னைத் தனியா இழுத்துக்கிட்டுப் போய், "மிஸ்ஸி, எனக்கும் கிட்டத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, ஊசி கோக்க முடியல. எனக்கும் ஒரு கயிறு குடுங்க"ன்னா. "உங்களுக்குக் கயிறு சரிவராதும்மா. இது வயசு. கயிறு கட்டினாலும் முழியை உருட்டினாலும் போகாது, கண்ணாடிதான்"னேன். டொக்டர் அளவு பார்த்துத் தந்த கண்ணாடியை மாட்டிவிட்டு, படிக்கிற அட்டையைக் கையில குடுத்தேன்.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தா. விரலால ஒவ்வொரு எழுத்தாத் தடவினா. "எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு மிஸ்ஸி. ஆனா எனக்குப் படிக்க வராதே. என்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலையே"ன்னா.

கலா அவ பக்கத்துல போய் உட்கார்ந்து, முதல் எழுத்துல விரலை வெச்சா. "இது 'அ', அத்தை. சொல்லுங்க."

மருதாயி கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தா. "டீச்சர், நான் மெதுவாத்தான் படிப்பேன். அடிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."